கண் நரம்பும் கண்மூடித்தனமும்

(ஒரு சுயமரியாதை வாசகசாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கண் வைத்தியத் தோழர் ஒருவர் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் இருவரும் புராணத்தைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் வெகு நன்றாய்ப் பேசினார்கள். அவர்களைப்போல் பேச எனக்கு வராது. நான் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு பிறத்தியார் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துப் பிழைக்கின்றவன். ஆகவே, நான் எதைப் பார்க்கின்றேன், எதற்காகப் பார்க்கின்றேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று உத்தேசம். நான் வைத்தியன் என்பதற்காக நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் கண்ணைக்கொண்டே சோதித்துப் பார்க்கக் கூடியதையும் சிறிது சொல்லுகின்றேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நெசவாளித் தோழர் என்னிடம் வந்தார். வயது 50க்கு மேல் இருக்கும். தறியில் இழை அறுந்தால் தெரியவில்லை, வாசற்படி தடுக்குகின்றது, பக்கத்தில் வந்து நிற்கின்றவர் பேசினால்தான் ஆள் இருப்பது தெரிகின்றது என்றார். வலது கண்ணில் வெளிச்சமே இல்லை. “எத்தனை நாளாய்?” என்று கேட்டேன். “அது போய் ரொம்ப நாளாச்சுங்க, எப்பப் போச்சுன்னே தெரியலீங்க” என்றார். ஒரு கண் போனதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை! அதற்குள் அவர் செய்ததெல்லாம் என்னவென்றால், கண்ணாடிக் கடையில் மூன்று தடவை கண்ணாடி மாற்றியிருக்கின்றார். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தியிருக்கின்றார். ஒரு வைத்தியர் எட்ட நின்று டார்ச்சு அடித்துப் பார்த்து, “புரை விழுந்திருக்கின்றது, முற்றட்டும், அப்புறம் வா” என்று சொல்லி அனுப்பியிருக்கின்றார். புரையும் கொஞ்சம் இருந்தது உண்மைதான். ஆனால் கண்ணைக் கெடுத்தது புரையல்ல. பின்னால் இருந்த நரம்பை ஒருவரும் பார்க்கவே இல்லை.

அம்மனைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் கொடுக்கும் கடவுள்களின் யோக்கியதையைப் பெரிய புராணத்திலேயே பார்த்துக் கொள்ளலாம். சுந்தரர் சத்தியம் தவறினார் என்று இரண்டு கண்ணையும் பிடுங்கிக் கொண்டாராம் கடவுள். பிறகு மனமிரங்கிக் காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணும் கொடுத்தாராம். கடன்காரனாவது கையில் பணம் இல்லாமல் தவணை கேட்பான். சர்வ வல்லமை உள்ளவருக்குக் கண்ணைத் தவணை முறையில் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன வந்தது? (சிரிப்பு). அந்தத் தோழரோ தன் பணத்தில் இரண்டு கண்மலர் கொடுத்தார். அரைக் கண்கூடத் திரும்பி வரவில்லை.

நிற்க. ஒரு கண் போவது எப்படித் தெரியாமல் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இப்பொழுதே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேரே முன்னால் நீட்டி, கட்டை விரல் இரண்டையும் ஒட்டினாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள். வலது கண்ணால் இடது கட்டை விரலையே பாருங்கள். பார்வை அங்கே இங்கே போகக் கூடாது. இப்பொழுது வலது கையை மாத்திரம் மெதுவாய் வலப்புறமாக நகர்த்துங்கள். சுமார் முக்கால் சாண் தூரம் போகும்பொழுது வலது கட்டை விரலின் நுனி காணாமற் போகின்றதா? (“போகின்றது, போகின்றது” என்று பல குரல்கள், சிரிப்பு). இன்னும் தள்ளினால் திரும்ப வருகின்றதல்லவா?

அந்த இடத்தில் உங்களுக்குப் பிறந்தது முதல் பார்வை கிடையாது. கண்ணின் உட்சுவரிலிருந்து பார்வை நரம்பு புறப்படும் வாசல் அது. அங்கே ஒளியை வாங்கும் அணுக்கள் இல்லை. 1660-ம் வருஷ வாக்கில் மரியோட் என்கின்ற பிரஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அவரும் ஒரு பாதிரியார்தான்; ஆனால் இதை வேதப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, நீங்கள் இப்பொழுது செய்தது போலச் சோதித்துக் கண்டுபிடித்தார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விரல் மறைந்த இடத்தில் கறுப்பாய் ஓர் ஓட்டை தெரிந்ததா? இல்லை. சுவர் இருந்தால் சுவராகவே தெரிந்தது. மூளையானது இல்லாத இடத்தைப் பக்கத்தில் உள்ளதைக்கொண்டு பூசி மெழுகிவிடுகின்றது. கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோயிலும் இதேதான் நடக்கின்றது. பார்வையில் ஓட்டை விழுந்துகொண்டே போகும். மூளை அதை மூடிக்கொண்டே வரும். ஒரு கண்ணின் ஓட்டையை மற்றக் கண் மறைக்கும். நடுப் பார்வை கடைசி வரையில் இருப்பதால் பத்திரிகை படிக்கலாம், காசு எண்ணலாம். வலி இல்லை, சிவப்பு இல்லை. கடைசியில் நடுவும் போகும்பொழுதுதான் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகின்றார்கள். போன பார்வையைத் திருப்பித் தர இன்று வரையில் எந்த வைத்தியமும் இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் வைத்தியம் உண்டு.

இது எங்கோ சீமையில் உள்ள நோய் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் நம் தென்பகுதிக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 பேரைச் சோதித்து 2003-ம் வருஷத்தில் கணக்கு வெளியிட்டார்கள். 100க்கு 2.6 பேருக்கு இந்த நோய். அதில் அதிகமாய்க் காணும் திறந்த கோண வகையாருள் 100க்கு 93 பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரையில் கண்டுபிடிக்கப்படவில்லை.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்கின்றது. அழும்போது வருகின்ற கண்ணீர் வேறு, இது வேறு. ஒரு நாளைக்கு ஊறுவது ஒரு தேக்கரண்டிகூட இராது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தத்துக்கு முதலில் பலியாவது பின்னால் உள்ள நரம்பு வாசல். அந்த நரம்பு ஒரே கயிறு அல்ல. சுமார் 10 லட்சம் மெல்லிய இழைகள் கண்ணின் உட்சுவர் முழுதிலுமிருந்து ஓடிவந்து, ஒன்றரை இரண்டு மில்லி மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தின் விளிம்பில் மடிந்து, மூளையை நோக்கி இறங்குகின்றன. கிணற்றுச் சுவரின் மேலாகக் கொடிகள் நாலா பக்கமிருந்தும் வந்து உள்ளே தொங்குவது போல் வைத்துக்கொள்ளுங்கள். கொடிகள் அடர்ந்திருந்தால் கிணற்று வாய் சிறுத்துத் தெரியும். கொடிகள் பட்டுப்போனால் வாய் அகலும். அந்தக் கொடி அடர்த்திதான் விளிம்பு, நடுப் பள்ளந்தான் குழி. நாங்கள் பார்ப்பது இதைத்தான்.

இதைப் பார்க்கவே மனிதனுக்கு வெகு காலம் வழியில்லாமல் இருந்தது. உயிருள்ளவன் கண்ணின் உட்புறம் கறுப்பாகவே தெரியும். 1851-ம் வருஷத்தில் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர், பார்க்கின்றவனுடைய பார்வையும் விளக்கு வெளிச்சமும் ஒரே வழியாய் உள்ளே போகும்படி ஒரு சிறு கருவி செய்ததை வெளியிட்டார். அவ்வளவுதான், அடுத்த நாலைந்து வருஷங்களில் கண் வைத்தியமே புதிதாய்ப் பிறந்தது.

பிறந்தவுடன் ஒரு பெரிய தப்பும் நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1854-ம் வருஷத்தில் வியன்னாவில் எடுவர்டு யேகர் என்பவரும், பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபொன் கிராஃபே என்பவரும் கிளாக்கோமாக்காரர் கண்ணில் நரம்பு வாசலைப் பார்த்து, அது மேடாக வீங்கியிருக்கின்றது என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அது குழி! இருவரும் சாமானியர்கள் அல்ல. ஆனால் அந்தக் கருவியில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும்; ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. மணலில் பதிந்த காலடியைப் படம் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியாமல் பார்த்தால் பள்ளம் மேடாய்த் தெரிவதில்லையா? அது போலத்தான். இதற்குப் பிறகு நடந்தது என்னவென்றால், கிராஃபே மறு வருஷத்திலேயே தாம் கண்டது மேடல்ல, பள்ளந்தான் என்று தம்முடைய பத்திரிகையிலேயே எழுதித் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். ஹைன்ரிச் மூல்லர் என்பவர் இறந்தவர் கண்களை அறுத்துப் பார்த்து அது குழிதான் என்று ருஜுப்படுத்தினார். 1861-ல் ஷிரோ டியூலோன் என்கின்ற பிரஞ்சுக்காரர் இரண்டு கண்ணாலும் பார்க்கும்படியான கருவியைச் செய்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்குள், 1857-ல், அதே கிராஃபே கண்ணின் கருவிழித் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் திடீர்க் கிளாக்கோமாவைத் தணிக்கும் சிகிச்சையையும் உலகத்துக்குச் சொன்னார். க்ஷய ரோகத்தால் 42 வயதிலேயே இறந்துபோனார். தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்ட ஒரு ரிஷியையோ, ஒரு ஜகத்குருவையோ நம் சாஸ்திரங்களில் யாராவது எனக்குக் காட்டினால் நன்றியுள்ளவனாய் இருப்பேன். (கைதட்டல்).

சரி, நான் பார்ப்பதைச் சொல்லுகின்றேன். முதலில் அந்த வட்டம் பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டும். இதை அநேக வைத்தியர்களே விட்டுவிடுகின்றார்கள். பெரிய வட்டம் உள்ளவனுக்குக் குழியும் பெரிதாகவே பிறவியில் இருக்கும், அவனைப் பயமுறுத்தி ஆயுள் முழுதும் மருந்து ஊற்ற வைப்பது அநியாயம். சிறிய வட்டம் உள்ளவனுக்குச் சிறு குழிகூட நோயின் அடையாளமாய் இருக்கலாம். பிறகு, குழியின் உயரம் வட்டத்தின் உயரத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்போம். பத்தில் மூன்று நாலு பங்கு சாதாரணம். இரண்டு கண்ணுக்கும் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரே மனிதனுடைய இரண்டு கண்ணும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்க வேண்டியவை அல்லவா?

ஆனால் குழியைவிட விளிம்புதான் முக்கியம். நல்ல கண்ணில் விளிம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். சாதாரணமாய்க் கீழ்ப்பக்கத்தில் தடிப்பு அதிகம், அடுத்தது மேல்பக்கம், அப்புறம் மூக்குப்பக்கம், கடைசியில் பொட்டுப்பக்கம். கிளாக்கோமா பெரும்பாலும் கீழ்க்கோடியிலோ மேல்கோடியிலோதான் முதலில் கை வைக்கும். எலி கடித்தாற்போல் அங்கே ஒரு வெட்டு விழும். கீழே வெட்டு விழுந்தால் மேற்புறத்துப் பார்வை போகும், ஏனெனில் கண்ணுக்குள் படம் தலைகீழாய் விழுகின்றது. மேலே தொங்கும் மரக்கிளை நெற்றியில் அடித்த பிறகுதான் சிலருக்குச் சந்தேகமே வருகின்றது.

இன்னும் இரண்டு மூன்று உண்டு. விளிம்பின்மேல் மெல்லிய கீற்றுப்போல் ஒரு சொட்டு இரத்தக் கசிவு சில சமயம் இருக்கும். சில வாரங்களில் மறைந்து போகும், அவசரக்காரன் கண்ணுக்கு அகப்படாது. ஆனால் நோய் முன்னேறுகின்றது என்பதற்கு அதைவிட மோசமான சாட்சி கிடையாது. அடுத்தது இரத்தக் குழாய்கள். விளிம்பு தேய்ந்த இடத்தில் அவை சட்டென்று மடிந்து குழிக்குள் இறங்கி மறையும். அப்புறம் பச்சை வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல கண்ணின் உட்சுவர், நெசவாளித் தோழர்களுக்குச் சொன்னால் புரியும், பட்டுப் பாவு விரித்தாற்போல் மினுமினுக்கும். இழை செத்த இடம் கறுத்த பட்டையாய்த் தெரியும். இதற்கு மாறாக, குழி சிறிதாயிருந்து விளிம்பு மட்டும் வெளுத்துப் போயிருந்தால் அது கிளாக்கோமா இல்லை என்றே முதலில் எண்ண வேண்டும். மூளையில் கட்டியோ வேறு ஏதோ நரம்பை அழுத்துகின்றதா என்று தேட வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கிளாக்கோமா மருந்து ஊற்றிக்கொண்டு காலம் போக்கினால் கண்ணோடு உயிரும் போகலாம்.

பார்த்ததைப் படமாய் எழுதியோ, புகைப்படம் எடுத்தோ வைக்க வேண்டும். இன்று பார்த்தது போன வருஷத்தில் எப்படி இருந்தது என்று ஒத்துப் பார்ப்பதுதான் உறுதியான பரீட்சை. 1991 முதல், ஒளியைக்கொண்டே இழைகளின் தடிப்பை அளக்கும் இயந்திரம் வந்திருக்கின்றது. நல்ல இயந்திரந்தான். ஆனால் அது சிவப்புக் காட்டியவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வைத்தியர்களும் இருக்கின்றார்கள். கிட்டப்பார்வைக்காரர் கண்ணில் நோயில்லாமலேயே அது சிவப்புக் காட்டுவதுண்டு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தவர்களுக்கு இயந்திரத்தையும் சாமியாக்கிவிடுவது பழக்கமாய்ப் போய்விட்டது போலிருக்கின்றது.

அழுத்தத்தை மட்டும் அளந்து “10 முதல் 21க்குள் இருக்கின்றது, போய் வா” என்று அனுப்புவதும் அப்படிப்பட்டதே. ஒரு தடவை அளந்தால் கிளாக்கோமாக்காரரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அழுத்தம் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். நோய்க்குக் கண்ணழுத்த நோய் என்று நாம் வைத்த பேரே இந்த ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம். பார்வைப் பரப்பை அளக்கும் பரீட்சையிலும் ஒரு குறை உண்டு. இழைகளில் கணிசமான பங்கு செத்த பிறகுதான் பல பேருக்கு அதில் குறை தெரிகின்றது. ஆகையினால் நரம்பைப் பார்க்காமல் முடியாது.

நெசவாளித் தோழர் கதையை நடுவில் விட்டுவிட்டேன். அவருடைய இடது கண்ணில் விளிம்பு நூல்போல் மிஞ்சியிருந்தது. ஆபரேஷன் செய்தோம். அந்த நூலளவு இன்னும் இருக்கின்றது. தறி போய்விட்டது, கைக்கோல் வைத்துக்கொண்டு நடக்கின்றார். அன்றைக்கு அவரைக் கைபிடித்து அழைத்து வந்தது அவருடைய தங்கை. “அம்மா, நீயும் உட்கார், உன் கண்ணையும் பார்க்கின்றேன்” என்றேன். “எனக்கென்னங்க, நல்லாத்தான் தெரியுது” என்றார். கூட வந்த உறவினர், “பொம்பளைக்கு எதுக்குங்க, அண்ணனைப் பாருங்க போதும்” என்றார். உட்கார வைத்துப் பார்த்தேன். அழுத்தம் 17. வலது கண்ணில் கீழ்விளிம்பில் வெட்டு, அதன் ஓரத்தில் ஒரு கீற்று இரத்தம். பெற்றோர் உடற்கூறு பிள்ளைகளுக்கு வருகின்ற நோய் இது. நோயாளியின் உடன்பிறந்தாருக்கு மற்றவர்களைக் காட்டிலும் பல மடங்கு வருகின்றது. முற்பிறப்பின் பாவம் என்று சொல்லி ஆறுதல் தேடுகின்ற குடும்பத்தில் உடன்பிறந்தாரைச் சோதிக்க வேண்டும் என்கின்ற எண்ணமே எழுவதில்லை.

அந்த அம்மாள் மூன்று மாதம் மருந்து ஊற்றினார், பிறகு நிறுத்திவிட்டார். “ஊத்தி ஊத்திப் பார்வை ஒண்ணும் கூடலீங்களே” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். முதல் நாளே சொல்லாதது என் தப்பு. இந்த மருந்து பார்வையைக் கூட்டாது, குறையாமல் நிறுத்தத்தான் முடியும் என்று சொல்லி, அண்ணன் கண்ணின் படத்தையும் அவர் கண்ணின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கின்றார்.

வைத்தியரிடம் போனால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்காதீர்கள். “நரம்பைப் பார்த்தீர்களா? குழி எவ்வளவு? இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்கின்றதா?” என்று கேளுங்கள். கோபித்துக் கொண்டால் வேறு வைத்தியரிடம் போங்கள். கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் ஊற்றாதீர்கள். அதனாலேயே அழுத்தம் ஏறி இந்த நோய் வந்து பார்வை இழந்த வாலிபர்களைப் பார்த்திருக்கின்றேன். திடீரென்று கண் சிவந்து, மண்டை பிளக்கும் வலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தால் பித்தம் என்றோ திருஷ்டி என்றோ உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதில் ஒரு மணி நேரம்கூடக் கழிக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

(இவ்விடத்தில் திருநீறு அணிந்த ஒரு பெரியவர் எழுந்து, “டாக்டரையா சொல்லுவதெல்லாம் சரி, சாமியையும் கும்பிட்டுக்கொண்டு மருந்தையும் ஊற்றினால் என்ன கெட்டுப்போகும்?” என்று கேட்டார்.)

ஐயா, கும்பிடுவதால் நரம்பு கெடாது. நான் கண்டது என்னவென்றால், பழனிக்குப் பாதயாத்திரை போன ஒரு வாரம் மருந்துப் புட்டி வீட்டில் இருந்துவிடுகின்றது. விரத நாளில் கண்ணில் ஊற்றினால் தோஷம் என்கின்றார்கள். தாங்கள் கும்பிடப் போகும் இடத்துக்கும் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சாமிக்கு ஆட்சேபம் இருந்தால் அவரே சொல்லட்டும். (பெருஞ்சிரிப்பு).

நாளைக் காலை 8 மணி முதல் இதே இடத்தில் கண் பார்க்கின்றேன். காசு வேண்டாம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களும், வீட்டில் யாருக்காவது இந்த நோய் உள்ளவர்கள் எந்த வயதாயிருந்தாலும் வரலாம். பெண்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். பழைய கண்ணாடியையும் ஊற்றுகின்ற மருந்துப் புட்டியையும் கொண்டு வாருங்கள். முதலில் அழுத்தத்தையும் கண்ணின் கோணத்தையும் பார்த்துவிட்டு, பாப்பா விரிய மருந்து ஊற்றுவேன். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கலாய்த் தெரியும். ஆகையால் சைக்கிளோ மோட்டார் வண்டியோ ஓட்டிக்கொண்டு வராமல், கூட ஓர் ஆளை அழைத்து வாருங்கள். வருகின்ற ஆளின் கண்ணையும் பார்த்து அனுப்புகின்றேன்.